நாலு நாள் வீடு

மதியம் இரண்டரை ஆகியும் காகிதம் வந்து சேரவில்லை. இருபத்து மூன்றாம் பகுதியின் காட்சிகளை எழுத்தாளர் வீட்டிலிருந்து ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவர வேண்டும். மர்யூத்தியாக் கால்வாய்க்குப் பக்கத்தில் இருந்த அந்தப் படப்பிடிப்புக் கொட்டகையில் நாற்பத்தாறு பேர் நோன்பில் வறண்ட நாக்கோடு காத்துக் கிடந்தார்கள். ரமலான் பிறை பதினாறு. பதினைந்து பகுதிகள் தொலைக்காட்சியில் ஓடி முடிந்திருந்தன. மீதியை எடுத்துக்கொண்டே ஒளிபரப்ப வேண்டும். கெய்ரோவில் ரமலான் தொடர் எடுப்பது என்றால் ஓடுகிற பேருந்துக்குச் சக்கரம் மாட்டுகிற வேலைதான்.

இயக்குநர் நிஹால் ஷுக்ரி, கொட்டகைக்குள் போட்டிருந்த வீட்டின் கட்டிலில் செருப்போடு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தவ்லத் அவள் காலடியில் உட்கார்ந்து தன் நோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் காட்சியில் யார் எந்தக் கையில் கோப்பை பிடித்தார், தேநீர் எந்த அளவில் இருந்தது, சட்டையின் எத்தனையாவது பொத்தான் திறந்திருந்தது என்று எழுதி வைப்பது தவ்லத்தின் வேலை. காட்சிகளை முன்னும் பின்னுமாக எடுக்கிறவர்களுக்கு அந்த நோட்டு இல்லாவிட்டால் ஒரே சாப்பாட்டு மேசையில் ஒருத்தனுக்கு மீசை வரும், போகும்.

இருபத்தாறு வருடமாக நிஹால் எது எடுத்தாலும் நோட்டு தவ்லத்துடையதுதான். அம்மா வீட்டு மாடியில் இரவல் கேமராவில் எடுத்த முதல் குறும்படம். ஏழு வருடம் இழுத்தடித்து எடுத்த முதல் முழுப் படம். அது ஊர் ஊராகப் போய்ப் பரிசு வாங்கி வந்து, கெய்ரோவில் ஒரே ஒரு அரங்கில் ஒரு வாரம் ஓடியது. கடைசிக் காட்சியில் பதினோரு பேர் இருந்தார்கள். அதில் ஏழு பேர் படத்தில் வேலை செய்தவர்கள். பிறகு சோப்பு விளம்பரம், இரண்டு வருடம் சமையல் நிகழ்ச்சி. முலூக்கியாக் கீரை கொதிப்பதை நிஹால் ஏதோ மய்யித்து கிடக்கிற துக்க வீட்டைக் காட்டுவது மாதிரி அத்தனை அடக்கமாகக் காட்டினாள் என்று தொலைக்காட்சிக்காரர்கள் அவளை அனுப்பிவிட்டார்கள். தவ்லத் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அப்புறம் தொடர்கள். தொடர் எடுத்தால்தான் தன் படம் எடுக்க முடியும் என்பது நிஹாலின் ஏற்பாடு.

அந்தச் சொந்தப் படம் ஆறு வருடமாகப் பாதியில் நின்றது. வீட்டைக் காலி செய்யமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட ஒரு கிழவரின் கதை. பழைய தெரு ஒன்றில் உண்மையான வீட்டிலேயே பாதிப் படத்தை எடுத்தார்கள். மீதிக்குத் திரும்பிப் போனபோது மேம்பாலத்துக்காக அந்த வீட்டையே இடித்திருந்தார்கள். நிஹால் அந்த மண்மேட்டின் மேல் நின்று அழவில்லை. "தவ்லத், ஜன்னலுக்கும் கதவுக்கும் எத்தனை அடின்னு எழுதி வெச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டாள். தவ்லத் எழுதி வைத்திருந்தாள்.

இந்தத் தொடருக்கு ஒரு வீடு போட வேண்டும் என்றதும் நிஹால் அந்த நோட்டைத் தூக்கிக் கலை இயக்குநரிடம் கொடுத்துவிட்டாள். அதே பச்சைச் சுவர் ஓடு, அதே ஜன்னல், அதே கோணல் நிலைப்படி. தொடர் தயாரிப்பாளர் ஹாஜி ஃபிக்ரிக்கு விஷயம் தெரிந்தபோது சுவர் எழும்பி முடிந்திருந்தது. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "என் வீட்டுல உன் படத்துக்கு அஸ்திவாரம் போட்டியா? சரி, தொடர் முடிஞ்சதும் நாலு நாளு உனக்கு. கேமராவும் எடுத்துக்க. அதுக்கப்புறம் பிரிச்சுடுவேன்" என்றார். அந்த நாலு நாளில் நோன்புப் பெருநாளும் வந்தது. பெருநாளை வீட்டில் கொண்டாடாமல், கூலி வேண்டாம் என்று, ஒன்பது பேர் கூட இருக்கச் சம்மதித்திருந்தார்கள்.

காகிதம் மூன்று மணிக்கு வந்தது. ஐந்து பக்கம். தவ்லத் முதலில் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. கதாநாயகனுக்கு ஒரு போன் வருகிறது. அவன் கட்டப்போகும் பெண்ணின் அப்பா பக்ரி மவுத்தாகிவிட்டார். அவ்வளவுதான். முகம் கிடையாது, படுக்கை கிடையாது.

"நிஹால், எந்திரி. பக்ரியைக் கொன்னுட்டாங்க."

பக்ரியாக நடித்தவர் ஷௌகத் லபீப். வயது எழுபத்தொன்று. நாற்பது வருடமாக வாசல் காவலாளி, கோர்ட்டுச் சேவகன், டாக்சிக்காரன், பிணம் என்று பெயரில்லாத வேடங்களாகவே போட்டு வந்தவர். நிஹாலின் பாதிப் படத்தில் வீட்டைவிட்டு நகராத கிழவர் அவர்தான். தொடரிலும் அவள்தான் அவரைப் பிடித்துப் போட்டாள். முதல் வாரத்தில், ஒரு காட்சியில் அவர் மகளுக்காகத் தக்காளி நறுக்கினார். வசனமே இல்லை. அந்தத் துண்டு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. காய்கறிக் கடைக்காரர்கள் அவரைப் பார்த்தால் தக்காளி எடுத்து நீட்டினார்கள்.

ஹாஜி ஃபிக்ரி அறைக்குள் நுழையும்போதே கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எனக்குத் தெரியும் நிஹாலம்மா, கத்தாதே. நோன்பு வெச்சிருக்கேன், தலை சுத்துது."

"நான் இன்னும் வாயே தொறக்கல ஹாஜியார்."

"நம்ம ஹீரோ ஹைதம் ஒத்துக்க மாட்டேங்கறான். அவன் சண்டை போடறான், சுடறான், அழறான். ஊரு பூரா அந்தக் கெழவன் தக்காளி நறுக்கறதைப் பாத்துக்கிட்டிருக்கு."

"அது ஹைதம் தப்பா, தக்காளி தப்பா?"

"சிரிக்காதே. போஸ்டர்ல அவன் மூஞ்சிதான் இருக்கு. அவன் எந்திரிச்சுப் போயிட்டா தொடர் இன்னைக்கே நின்னுடும். கெழவனை இருபத்து மூணுல முடிச்சுடு. அதுக்கப்புறம் எங்கயும் அந்த மூஞ்சி வரக்கூடாது."

"கல்யாணம் எடுத்தாச்சே. பொண்ணுக்கு அப்பா அவரு. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நிக்கறாரு."

மணப்பெண்ணாக நடித்தவள் வேறொரு தொடருக்குப் போக வேண்டியிருந்ததால், இருபத்தொன்பதாம் பகுதியின் கல்யாணத்தையும் அதை ஒட்டிய வீட்டுக் காட்சிகளையும் ரமலானுக்கு முன்பே எடுத்து வைத்துவிட்டார்கள். திரும்ப எடுக்க வழியில்லை.

"வெட்டு. 'ஒரு வருஷத்துக்குப் பிறகு'ன்னு எழுத்துப் போடு. உனக்கா சொல்லித் தரணும்?" ஹாஜி ஃபிக்ரி குரலை இறக்கினார். "முடியாதுன்னா சொல்லு, ரெண்டாவது யூனிட் பையன்கிட்ட மீதியைக் குடுத்துடறேன். ஆனா அப்புறம் அந்த நாலு நாளைப் பத்திப் பேசாதே."

நிஹால் எழுந்து நின்றாள். அவளுக்கு ஐந்தடி கூடக் கிடையாது. எழுந்து நின்றாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அவள் கழுத்து சிவப்பதைத் தவ்லத் பார்த்துவிட்டாள். இவள் இப்படிச் சிவந்து போய் வேண்டாம் என்று சொன்ன தொடர்கள் மூன்று. ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"முடியாது," என்றாள் நிஹால்.

"முடியும்," என்றது கதவுப் பக்கம் இன்னொரு குரல். ஷௌகத் நின்றுகொண்டிருந்தார், முகத்தில் பாதி ஒப்பனையோடு. எத்தனை நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. "கொன்னுடு கண்ணு. எத்தனையோ தடவை செத்திருக்கேன், ஒருத்தனும் பேரைக் கேட்டதில்ல. இதுல பேராச்சும் சொல்றாங்க, 'பக்ரி மவுத்தாயிட்டாரு'ன்னு. பதவி உயர்வு."

"நீங்க சும்மா இருங்க பெரியப்பா."

"நீ சும்மா இரு. தொடர் முப்பது நாளு, பெருநாள் அன்னிக்கே மறந்துடுவாங்க. என் முட்டி இன்னும் ரெண்டு வருஷம் தாங்காது. உன் படத்தை முடி. அந்த வீட்டுல நான் செய்ய வேண்டியது பாக்கி இருக்கு."

நிஹால் மறுபடி கட்டிலில் உட்கார்ந்தாள். ஹாஜி ஃபிக்ரி கிழவரின் தோளைத் தட்டி, கைக்குட்டையால் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொன்ன பிறகு பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டே நிஹால் தவ்லத்திடம் சொன்னாள். "எங்கெங்க வர்றாருன்னு பட்டியல் போட்டு கிர்கிஸ்கிட்ட குடு. என்னால பாக்க முடியாது. நீ பாரு."

ஆக அந்த வேலை தவ்லத் தலையில் விழுந்தது. எதுவும் தொலைந்துபோகக் கூடாது என்று எழுதி வைத்த நோட்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைத் தொலைக்க வேண்டியிருந்தது. மறுநாளிலிருந்து காலையில் இரண்டு மணி நேரம் எடிட்டர் கிர்கிஸின் அறையில் உட்கார்ந்தாள். கிறிஸ்தவனான கிர்கிஸுக்கும் அப்போது ஈஸ்டருக்கு முந்திய பெரிய நோன்பு. பால், இறைச்சி எதுவும் தொடமாட்டான். "உங்களுக்கு முப்பது நாளு. எனக்கு அம்பத்தஞ்சு. யாரு பாவம்?" என்று தினமும் கேட்பான். "நீ பகல்ல ஃபூல் பயறு தின்னுட்டு வந்து பேசறே, வாயை மூடு" என்பாள் தவ்லத்.

கல்யாணத்தில் மட்டும் பதினேழு இடம். மற்ற காட்சிகளில் ஒன்பது. முகம் வந்தால் வெட்டுவது சுலபம். ஆனால் கதவோரம் ஒரு முழங்கை. மணமகளின் முக்காட்டுக்குப் பின்னால் பாதி காது. தட்டு வாங்குகிற கை; அந்தக் கையில் மோதிர விரல் வளைந்திருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். கூட்டச் சிரிப்புக்குள் அவருடைய இருமல் கேட்டது. அதையும் எடுக்கச் சொன்னாள். கிர்கிஸ் மூன்று பகுதிகளை ஒரே நேரத்தில் வெட்டிக்கொண்டிருந்ததால் அவள் காட்டிய இடத்தை மட்டும் பார்த்தான். "நீ சொன்னா போதும் தவ்லத். உன் கண்ணுக்குத் தப்பினது ஆண்டவன் கண்ணுக்கும் தெரியாது."

இருபத்தேழாவது இடம் பாத்திர அலமாரியின் கண்ணாடி. ஹைதமும் மணப்பெண்ணும் மோதிரம் மாற்றுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கண்ணாடியில் ஷௌகத் தெரிந்தார். அந்தக் காட்சியில் அவர் வரவேண்டியதே இல்லை. தன் முறைக்காகக் கேமராவுக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றிருந்தவர், அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே கட்டை விரலால் ஒரு கண்ணைத் துடைத்தார். பிறகு இன்னொரு கண்ணை. நடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மனைவியோ பிள்ளையோ இல்லாத அந்த மனிதர், யாரோ பெற்ற பெண்ணின் பொய்க் கல்யாணத்தைப் பார்த்து அழுதிருக்கிறார். மொத்தம் இரண்டு செகண்ட்.

தவ்லத் பேனாவைத் தாளில் வைத்தாள். எழுத முடியவில்லை. அத்தனை இடத்திலும் அவரைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாயிற்று, இந்த ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எல்லாரும் போனில்தான் பார்க்கிறார்கள், விரல் நகம் அளவுகூடத் தெரியாது. அவள் இருபத்தாறோடு பட்டியலை முடித்து கிர்கிஸிடம் கொடுத்தாள். வேலையில் அவள் தெரிந்தே செய்த முதல் தப்பு அதுதான்.

பிறை இருபத்தெட்டில் கடைசிக் காட்சி எடுத்து முடிந்தது. மறுநாள் இருபத்தொன்பதாம் பகுதி ஓடியது. தவ்லத் வீட்டில் பெருநாளுக்குக் கஹ்க் பலகாரம் சுட்டுக்கொண்டே பார்த்தாள். கண்ணாடி வந்தது, போனது. அவள் அக்காவே கவனிக்கவில்லை. தவ்லத்துக்கு மனசு நிறைந்துபோனது. நாளைக்கு ஷௌகத்திடம் சொல்லலாமா என்று யோசித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து அக்காள் மகன் போனை நீட்டினான். அந்த இரண்டு செகண்டை யாரோ நிறுத்தி, பெரிதாக்கி, வட்டம் போட்டிருந்தார்கள். 'மவுத்தானவர் மகள் கல்யாணத்துக்கு வந்துட்டாரு!' என்று எழுதியிருந்தது. அடுத்தவன் ஒருத்தன் கிழவரின் கையில் தக்காளி வரைந்திருந்தான். சிலர் சிரித்தார்கள், நிறையப் பேர் அழுதேன் என்று எழுதினார்கள். ஹைதம் மோதிரம் போட்டதைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை.

மறுநாள் கடைசி நோன்பு; அந்த நாலு நாளில் முதல் நாளும் அதுதான். காலை எட்டு மணிக்கு, கஹ்க் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தவ்லத் மைக்ரோபஸ்ஸில் போனாள். ராத்திரி பத்து தடவை நிஹாலைக் கூப்பிட்டும் அவள் எடுக்கவில்லை. கொட்டகை வாசலில் ஒரு லாரி பின்பக்கம் திறந்து நின்றது. நிஹால் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிர்கிஸும், பெருநாள் வேலையை விட்டுவிட்டு வந்த மற்றவர்களும். எதிரே ஹாஜி ஃபிக்ரி கார்க் கதவில் சாய்ந்து நின்றார்.

"நான்தான் ஹாஜியார்," என்று தவ்லத் மூச்சு வாங்கச் சொன்னாள். "பட்டியல் போட்டது நான். அந்த இடத்தை..."

"இவ பேச்சைக் கேக்காதீங்க," என்று நிஹால் குறுக்கே விழுந்தாள். "இவ எழுதித்தான் குடுத்தா. இருபத்தேழாவது இடம், அலமாரிக் கண்ணாடின்னு. நான்தான் வேணும்னே விட்டேன். வியாழக்கிழமை எடிட்டிங் ரூமுக்குப் போயி, இது இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். கிர்கிஸ், சொல்லு."

கிர்கிஸ் தரையைப் பார்த்தான். "ஆமா," என்றான்.

வியாழக்கிழமை நிஹால் எங்கே இருந்தாள் என்பது தவ்லத்துக்குத் தெரியாதா? விடிந்ததிலிருந்து பாங்கு வரைக்கும் ஃபய்யூம் சாலையில், ஹைதம் காரைத் துரத்துகிற காட்சி. நிஹால் பழுப்புச் சட்டை போட்டிருந்தாள், அதன் இடது கையை மடித்துவிட்டிருந்தாள். தவ்லத் வாயைத் திறந்தாள். நிஹால் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள். இருபத்தேழு என்ற கணக்கு இவளுக்கு எப்படித் தெரிந்தது? பார்க்க முடியாது என்று சொன்னவள், எல்லாவற்றையும் பார்த்துத்தான் இருக்கிறாள். தவ்லத்தின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"யாரு செஞ்சா என்ன," என்றார் ஹாஜி ஃபிக்ரி. அவர் கத்தாமல் பேசியதே பயமாக இருந்தது. "அடுத்த வருஷத்துக்கு ஹைதம் கையெழுத்துப் போடணும். நிஹால் இருந்தா போடமாட்டானாம். இந்த வீடும் இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள இருக்கக்கூடாதாம். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கான். நான் என்ன பண்ணட்டும்? என்னை நம்பி நூறு குடும்பம் இருக்கு நிஹாலம்மா."

"ஒரு நாளு. இன்னைக்கு ஒரு நாளு மட்டும் ஹாஜியார். ஒரே ஒரு காட்சி."

"கேமராவை ராத்திரியே எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவர் காரில் ஏறினார். ஏறியவர் கண்ணாடியை இறக்கி, "பெருநாள் வாழ்த்துக்கள்" என்றார். வழக்கமாகச் சொல்வது வாயில் வந்துவிட்டது போலிருக்கிறது. உடனே தலையைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே ஆணி பிடுங்குகிற சத்தம். நிஹால் எழுந்து போனாள், தவ்லத் பின்னாலேயே போனாள். சமையலறை ஏற்கெனவே இல்லை. ஜன்னல் சட்டம் தரையில் கிடந்தது. நான்கு தச்சர்கள் முன்சுவரின் கடைசி ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தச்சு மேஸ்திரி நிஹாலைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார். "மேடம், எங்க கையில ஒண்ணுமில்ல" என்றார்.

"தெரியும் மேஸ்திரி. நோன்போட வேலை செய்யறீங்க, முடிச்சுட்டுப் போங்க."

"ஏண்டி பொய் சொன்னே?" என்று தவ்லத் அவள் காதருகே கேட்டாள். "ஹாஜியார் என்னைத் தொரத்தியிருப்பாரு, உன் வீடு மிஞ்சியிருக்கும்."

"மிஞ்சியிருக்காது. உன் வேலையும் போயிருக்கும்." நிஹால் மூக்கை உறிஞ்சினாள். "அந்தக் கண்ணாடி நல்லாருந்துச்சுடி. இந்த முப்பது நாளுல நான் எடுத்ததுலயே அதுதான் நல்லாருந்துச்சு. அதையும் நான் எடுக்கல."

அப்போதுதான் ஷௌகத் வந்தார். ஸ்மார்ட்போன் வைத்துக்கொள்ளாத மனிதர். அவருக்குச் சேதி எதுவும் தெரியாது. படத்தின் கோடு போட்ட பைஜாமா, முழங்கையில் ஒட்டுப்போட்ட பழுப்புக் கம்பளிச் சட்டை. ஆறு வருடம் முன்பு எடுத்த காட்சியோடு பொருந்த வேண்டும் என்று முகத்தை மழுமழுவென்று சவரம் செய்து, தலைக்குச் சாயம்கூடப் போட்டிருந்தார். ஒரு காதில் கொஞ்சம் சாயம் வழிந்திருந்தது. கொட்டகை வெளிச்சத்துக்குக் கண் பழகும்வரை நின்றார். பிறகு எல்லாவற்றையும் பார்த்தார்.

ஜன்னல் சுவர் இருந்த இடத்தில் இப்போது வெறும் தரை. அதன் வழியாக நேரே உள்ளே வந்திருக்கலாம். வரவில்லை. சுற்றிக்கொண்டு, சுவர் போன பிறகும் தரையில் கிடந்த கோணல் நிலைப்படிக்குப் போனார். அதற்கு முன்னால் செருப்பைக் கழற்றினார், படியைத் தாண்டிக் கால் வைத்தார், உள்ளே வந்து நடுவில் நின்றார்.

"எங்க நிக்கணும் கண்ணு?" என்று கேட்டார்.

பச்சை ஓடு பதித்த முன்சுவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த தச்சர்கள் இருவர், லாரிக்குப் போகும் வழியில் நின்ற கிழவர் நகர்வதற்காகக் காத்து நின்றார்கள்.